துட்டி வீட்டில் கேட்ட சீரியல்

சீரியல் பார்க்கிறவளுக்கு மூளை கிடையாது என்பது எங்கள் வீட்டுக்காரர் என்றைக்கோ எடுத்துவிட்ட முடிவு. அவர் மழையை நம்பி உளுந்தையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு மாதக்கணக்கில் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். அது விவரமானவர் செய்கிற காரியம். நான் அரை மணி நேரம் டிவியைப் பார்த்தால் மட்டும் கோட்டிக்காரி. இதை அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

என் மகன் மட்டும் என் கட்சி. கயத்தாறு பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. வந்ததும் குளித்துவிட்டுத் தட்டோடு என் பக்கத்தில் உட்காருவான். சீரியலைப் பார்த்தான் என்று சொல்ல முடியாது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கண்ணைத் துடைத்தால் போதும். "எம்மா, அந்தம்மா சம்பளம் வாங்கிட்டு அழுதாவ. நீ எதுக்கு ஓசியில அழுத?" என்பான். நான் முதுகில் ஒன்று வைப்பேன். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நேரத்தில்தான்.

அந்த ஐப்பசியில் நாங்கள் பார்த்த கதையில் வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருந்தவன் அடிபட்டு ஐ.சி.யு.வில் கிடந்தான். பிழைப்பானா மாட்டானா என்று இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். "இவன் அவ்வளவுதாம்மா. நடிக்கவருக்கு வேற சீரியல்ல சான்ஸ் கெடச்சிருக்கும், கொன்னுருவாவ" என்றான் என் மகன். பிழைப்பான் என்றேன் நான். பந்தயம் கட்டினோம். தோற்றவர் கடம்பூருக்கே போய்ப் போளி வாங்கி வரவேண்டும்.

மறுநாள் சாயங்காலம் இடைசெவல் விலக்கில் என் மகனை லாரி அடித்துப் போட்டது. எங்களுக்கும் அவன் ஒருவன்தான். ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேலையே இல்லை, ரோட்டிலேயே முடிந்துவிட்டது.

அவன் ஓட்டிப் போன பைக்கை வாங்க வைத்தவள் நான். "நாலுவழிச் சாலையில வண்டி வேண்டாம், பஸ்ஸுலயே போகட்டும்" என்று அவன் அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். பிள்ளை பஸ்ஸுக்கு நின்று வெயிலில் காய்கிறான், ஏறினாலும் உட்கார இடம் கிடைக்கவில்லை என்று மூன்று மாதம் அவரிடம் மல்லுக்கு நின்றேன். சாவு வீட்டில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அழுகை வரவில்லை. வருகிற பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக் கதறினார்கள், நான் கட்டைபோல உட்கார்ந்திருந்தேன். "அழுதிரு தாயி, நெஞ்சு அடைச்சுரும்" என்றார்கள். கொஞ்சம் தள்ளிப் போய், "கல்நெஞ்சக்காரி" என்றார்கள். இரண்டும் காதில் விழுந்தது. வண்டி வாங்கிக் கொடுத்தவள் எந்த முகத்தோடு ஒப்பாரி வைப்பாள்? இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

டிவி மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை துட்டி வீட்டில் டிவி போடுவதில்லை. நான் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் எனக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து பண்டல் போடுகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அன்றைக்கு நல்ல மழை. கணுக்கால்வரை கரிசல் மண் அப்பியிருக்க, வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் காதுக்குள் நான் கேட்டதை எழுத இப்போதும் கை கூசுகிறது. மகன் போன பிறகு நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏட்டி, சீரியல்ல அந்தப் பய கண்ணு முழிச்சிட்டானா?"

அவள் அழுகை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்ப என் தோளில் சாய்ந்துகொண்டு, மூக்கை உறிஞ்சியபடியே, "லேசா வெரல அசைச்சிருக்கான்க்கா. டாக்டர் வந்து பாத்தாவ. நாளைக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா என் பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேட்காமல் இருக்க, இவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி ராகத்திலேயே முனகி முனகிக் கதையைச் சொல்வாள். கண் விழித்துவிட்டான். முதல் வார்த்தையாக அம்மா என்றான். கஞ்சி கொடுத்தார்கள், பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவன் அம்மா ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். "கூட வேல பாக்கவ எப்படி உருகுதா பாரு" என்று என் நாத்தனார் வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பு வந்ததே என்று அடுத்த நிமிடம் என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

துட்டி வீட்டில் இருந்து கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லக்கூடாது. எல்லோரும் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். வழக்கம்தான், ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தாங்காது. பண்டல் போடுகிறவளும் வாரேன் என்று சொன்னதில்லை. "மிச்சம் நாளைக்கு" என்று காதில் சொல்லிவிட்டுப் போவாள். அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பதினாறு நாளையும் தள்ளினேன். எனக்கு நாளை என்று ஒன்று அந்தச் சீரியலில் மட்டும்தான் இருந்தது.

பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் போனார்கள். மறுநாள் சாயங்காலம் வேட்டியை எடுத்துவிட்டு டிவியைப் போட்டேன். அந்த வீட்டுச் சுவரில் அந்தப் பையனின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குச் சந்தனப் பொட்டு, மாலை, முன்னால் விளக்கு. அவன் அம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்களே, நேற்றுக்கூட ரசம் கேட்டானே என்றுதான் யோசித்தேன்.

பிறகு பந்தயம் நினைவுக்கு வந்தது. என் மகன் ஜெயித்துவிட்டான். அவனிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும். பக்கத்தில் தட்டும் இல்லை, ஆளும் இல்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் உளுந்துக் காட்டில் இருந்து வந்த காலோடு வாசலில் நின்றார். டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்லும் பேச்சை அன்றைக்குச் சொல்லவில்லை. பந்தயத்தையும் வண்டியையும் அழுகைக்கு நடுவே கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த வாரமே இரண்டு பேரும் பஸ் ஏறிக் கடம்பூருக்குப் போய்ப் போளி வாங்கி வந்து படத்துக்கு முன்னால் வைத்தோம்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, என்னையக் கோட்டிக்காரின்னு நெனச்சிட்டியா? அவன் செத்து எத்தன நாளாச்சி?"

அவள் கையில் இருந்த பண்டலைக் கீழே வைத்தாள். "நான் மொத நா வந்தம்லாக்கா, அதுக்கு முந்துன நா செத்தான். ஒங்க வீட்டுல ஒண்ணு போயிட்டு. அங்கனயும் ஒண்ணு போயிட்டுன்னு எந்த வாயால சொல்ல?"

பிறகு அவளே தொடர்ந்தாள்: "நான் மட்டும் இல்லக்கா. இவிய எல்லாரும் சேந்துதான் கத கட்டுனோம்."

நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் ஒருத்தியும் என் கண்ணைப் பார்க்கவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அன்றைய பங்கை முடிவு செய்திருக்கிறார்கள். ரசம் சாதம் லேபிள் ஒட்டுகிறவளின் யோசனை. முதல் வார்த்தை அம்மாவாக இருக்கவேண்டும் என்று ஒருத்தி அடம்பிடித்திருக்கிறாள். கஞ்சியா இட்லியா என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை வந்து, ஒருநாள் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லையாம். எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "பொறவு என்னாச்சி?" என்று கேட்டேன்.

அந்தச் சீரியல் முடிந்து வருடங்களாகிவிட்டன. எங்கள் கதை முடியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அவனுக்கு வேலை கிடைத்தது. அம்மாவோடு சண்டை போட்டான், பேசாமல் இருந்தான், பிறகு அவனாகவே வந்து சோறு கேட்டான். இதெல்லாம் பொய் என்று எங்களுக்குத் தெரியாதா? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சுவரில் படம்தான் இருக்கிறது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

போன மாதம் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினோம். எட்டயபுரத்தில் ஒரு பெண் பிடித்துப்போனது. "கல்யாணம் முடிக்கப் போற பய, நல்லதா ஒரு பைக் வாங்கிக் குடுத்துருவோம்" என்றாள் லேபிள் ஒட்டுகிறவள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோர் கையும் சோற்றில் அப்படியே நின்றது.

"வண்டி வேண்டாம்" என்றேன். "பஸ்ஸுலயே போகட்டும்."

அப்படியே முடிவானது. அவன் வேலைக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறான். பஸ் தினமும் நேரத்துக்கு வந்துவிடுகிறது, அவனுக்கு உட்கார இடமும் கிடைக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்த்தது நான்.