இப்பத்தான்

எனக்குப் பெரியப்பாவைப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் பிடிக்கும் என்று எழுதினால் அது பொய். அவர் விஷயத்தில் ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். மனைவி சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை குட்டி கிடையாது. கேமரன் மலைத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவாத்து வெட்டி வெட்டியே வயதாகி, வேலையை விட்டு நின்றவர். கீழ் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். நாங்கள் மேல் லயம். காலையில் தேத்தண்ணியும் மத்தியானம் சோறும் நான்தான் இறங்கிப் போய்க் கொடுக்க வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு பால் டின் இருக்கும். வெற்றிலைச் சாறு, சளி, ராத்திரி முழுக்க இருமித் துப்பியது எல்லாம் அதில்தான். அதைக் கொட்டிக் கழுவுவதும் என் தலையில். மலைக் குளிருக்கு உள்ளே இருப்பது கெட்டிப்பட்டுக் கிடக்கும், கவிழ்த்தால் விழாது. குச்சியால் கிளற வேண்டும். எனக்கு அப்போது பதினேழு வயது, ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். சோற்றில் கை வைத்தால் டின் ஞாபகம் வரும். பாதியில் எழுந்துவிடுவேன். "பெரிய மகாராணி" என்பாள் அம்மா. அவள் ஒரு நாளும் அந்த டின்னைத் தொட்டதில்லை.

இவ்வளவு செய்தாலும் பெரியப்பாவின் வாய் குறையாது. "ஏன் புள்ள, சோறு ஆறிப் போச்சு? வர்ற வழியில படுத்துத் தூங்கிட்டு வந்தியா?" என்பார். லயத்தில் அவரிடம் திட்டு வாங்காத ஆளே இல்லை.

வேலையை விட்டு நின்றவர்களுக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது. அவர் இருந்த வீடு ஆபீஸ் புத்தகத்தில் என் அண்ணன் பேரில் இருந்தது. அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, சாப்பாடும் தூக்கமும் எங்களோடு. ரிங்லெட் டவுனில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். தனி வீடு இருந்தால்தான் பெண் என்று அந்த வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் பெரியப்பா எங்கே போவார் என்று எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நினைப்புதான், சொல்லத்தான் வெட்கம்.

அந்தச் சமயம் பார்த்து ஆபீசில் கணக்கு எழுதப் புதுக் கிராணி ஒருவர் வந்தார். ஃபைலும் குடையுமாக லயம் லயமாக ஏறி இறங்கி என்னவோ எழுதிக்கொண்டு போனார். வேலை இல்லாத ஆட்களை வீட்டிலிருந்து காலி செய்யத்தான் எழுதுகிறார் என்று பேச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பாவுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை.

அன்று காலை ஆறரை மணி இருக்கும். பீங்கான் மங்கில் தேத்தண்ணியோடு கதவைத் தள்ளினேன். பெரியப்பா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தார். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை வேறு யாருடையதோ மாதிரி அப்படியே கிடந்தது. வாந்தி எடுத்திருந்தார், கைலி நனைந்திருந்தது. டின் உருண்டு, அதில் இன்னும் கெட்டிப்படாமல் இருந்தது தரையில் வழிந்து அவர் கன்னத்தில் அப்பியிருந்தது. எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். 'இதையெல்லாம் யார் கழுவுவது?'

அவருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார். இடது கையை நீட்டி என் பாவாடை ஓரத்தைப் பிடித்தார். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பாவும், ராத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அண்ணனும் இறங்கி வந்தார்கள். பின்னாலேயே அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. அப்பா, "கை கால் இழுத்துக்கிச்சு. ஓடிப்போய் டிரெசரக் கூட்டியாடா" என்றார். தோட்டத்து மருந்தகத்தில் டாக்டர் கிடையாது, டிரெசர்தான். ஆளைப் பார்த்து, ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவர் வேலை.

அண்ணன் நகரவில்லை. "அலாமா, இங்கயா கூட்டியாறது? எந்த வீட்டுல கெடந்தாருன்னு டிரெசர் எழுதுவாருலா. அது கிராணி கைக்குப் போவும். அப்புறம் வீடு போச்சுப்பா."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். அம்மாதான் வழி சொன்னாள். "நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோங்க. அப்புறம் டிரெசரக் கூப்புடலாம். நம்மகிட்ட வந்த எடத்துல பசியாறும்போது விழுந்துட்டாருன்னு சொன்னாப் போச்சு."

ஆனால் எல்லோரும் பெரட்டுக்குப் போகிற நேரம். பேர் கொடுக்கப் போகும் கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் மலைக்குப் போகட்டும் என்று காத்திருந்தோம். அவர்கள் போனார்கள். படியில் கிராணியின் குடை தெரிந்தது.

அப்பா குனிந்து, "சித்த பொறுங்கண்ணே" என்றார். பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தி வெளியே பூட்டுப் போட்டார். கூடப்பிறந்த அண்ணனை, கை கால் வராமல் மூத்திரத்தில் கிடந்தவரை, உள்ளே வைத்துப் பூட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அண்ணன், வேலைக்குப் போனவன் கணக்கில் இருக்க வேண்டும் என்பதால், கோழிக் கூண்டுக்குப் பின்னால் பதுங்கினான்.

கிராணிக்கு அவசரமே இல்லை. வீடு வீடாக நின்று, பேசி, எழுதி, கடைசி வீட்டுக்கு வர ஒன்பது மணிக்கு மேலாகிவிட்டது.

"இதுல யாரு இருக்கா?"

"எம் மவன் வீடுங்க. வேலைக்குப் போயிருக்கான்."

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, "ம்ம்... ம்ம்..." என்று ஒரு முனகல். அப்பாவின் முகம் செத்துவிட்டது. நான் இருமினேன். இரண்டு கையையும் வாயில் வைத்து, உள்ளே இருந்து சத்தம் வரும்போதெல்லாம் பலமாக இருமினேன்.

"என்னம்மா, சளியா? டிரெசர்கிட்ட மருந்து வாங்கிக் குடிக்க வேண்டியதுதான" என்றார் கிராணி. அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்த்தார், எழுதினார், போய்விட்டார்.

பிறகு கம்பளியில் கிடத்தி மேல் லயத்துக்குத் தூக்கிப் போனார்கள். தூறலில் படியெல்லாம் வழுக்கல். பாதி வழியில் அண்ணன் நாற்றம் தாங்காமல் அவரைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய் ஓங்கரித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகாவது ஓடினார்களா? இல்லை. "இந்த நாத்தத்தோட டிரெசர் முன்னால போட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?" என்றாள் அம்மா. பின்பக்கம் வைத்துப் பச்சைத் தண்ணியை மொண்டு ஊற்றினாள். புதுக் கைலி கட்டினாள். நெற்றியில் திருநீறு வேறு.

அதற்கு அப்புறம் அவள் செய்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. ஒரு தோசையைத் தட்டில் வைத்து, "பாதியத் தின்னு. மீதிய அவரு பக்கத்துல வையி. பசியாறும்போது விழுந்தாருன்னு தெரியணும்ல" என்றாள். பெரியப்பா பாயில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பாதித் தோசையைத் தின்றேன். டின்னை நினைத்துச் சோற்றைத் தள்ளுகிற மகாராணிக்கு அது இறங்கியது. மென்று விழுங்கினேன்.

டிரெசர் வரும்போது பதினொரு மணி. படித்த பிள்ளை என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"எப்ப விழுந்தாரு?"

"இப்பத்தான்."

அவர் பெரியப்பாவின் காலைத் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்திருக்கும். தலைமுடியில் ஈரம். காது மடலுக்குப் பின்னால், அம்மா கழுவ மறந்த இடத்தில், காய்ந்துபோன சளி. தட்டையும் தோசையையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஆஸ்பத்திரியில கேப்பாங்க. இப்பத்தானா?"

பெரியப்பாவின் கண் என் மேல்தான் இருந்தது. "இப்பத்தான்" என்றேன்.

டிரெசர் எழுதிக்கொண்டார்.

ஜீப்பில் நானும் அப்பாவும் ஏறினோம். வளைவு திரும்பும்போது டிரெசர் பின்னால் திரும்பாமலே பேசினார். "கீழ் லயத்துல தான இருப்பாரு பெரியவரு? நேத்துத்தான் கிராணிகிட்ட இவரப் பத்தி சொன்னேன். பாவம், இருந்துட்டுப் போவட்டும்னுட்டாரு. கூரை ஒழுகுற வீடெல்லாம் எழுதுறாரு இந்த வாரம். இவரு இருமுறாரு, மொதல்ல இவரு வீட்டுத் தகரத்த மாத்துங்கன்னு நாந்தான் சொல்லியிருந்தேன். காலையில வந்து பார்க்கல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தோம். அது எல்லோருக்கும் தெரியும் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை. நாலரை மணி நேரம் அந்த மனிதரைப் போட்டு வைத்தது ஒன்றுமில்லாத ஒரு பயத்துக்காக. முன்னமே கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

மூன்று வாரம் கழித்து அவரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். வலது பக்கம் வரவே இல்லை. பேச்சும் போய்விட்டது. ஊரையே திட்டித் தீர்த்த வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்.

"பசிக்குதா பெரியப்பா?"

"இப்பத்தான்."

"தண்ணி வேணுமா?"

"இப்பத்தான்."

கால் வலித்தாலும் அதுதான், வெளிக்கு வந்தாலும் அதுதான். இப்படி இழுத்துக்கொண்டவர்களுக்குச் சில சமயம் ஒரு சொல் மட்டும் நின்றுவிடும், அவர்களே நினைத்துச் சொல்வதில்லை என்றார் டிரெசர். அவரே எழுதிக்கொண்ட வார்த்தைதான் அது. அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. "எப்ப கல்யாணம் மாப்ள?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என்னைப் பழிவாங்கத்தான் சொல்கிறார் என்று சில நாள் நினைப்பேன். சில நாள் இல்லை என்று நினைப்பேன். எப்படி நினைத்தாலும் அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கண்ணாடி பார்க்கும்போதும் அதே அருவருப்புதான். டின்னை மட்டும் ஒரு நாள் தவறாமல் கழுவினேன்.

கீழ் லயத்து வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். அண்ணன் சுண்ணாம்பு அடித்தான். நாள் குறிக்க ரிங்லெட்டிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். வீட்டைப் பார்த்து அவர்களுக்குப் பரம திருப்தி. அம்மா தோசை சுட்டுப் போட்டாள். மூலையில் பாயில் கிடந்த பெரியப்பாவைப் பார்த்து, பெண்ணின் அப்பா மரியாதைக்கு விசாரித்தார்.

"பாவம் பெரியவரு. எப்பலேருந்து இப்படி?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பாயிலிருந்து தெளிவாகப் பதில் வந்தது. "இப்பத்தான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, பாய்க்குப் பக்கத்தில் இருந்த டின்னை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். காலையிலேயே கழுவி வைத்த டின். கொட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.