இடப்பக்கம் மட்டும் திரும்பிய அம்பாசடர்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கைகூப்பும் படம் போடுவேன், அதோடு சரி. கூட்டம் என்றால் கடைசி நாற்காலி. "ஓடாத வண்டிகளை வரும் ஞாயிறு பதினொரு மணிக் கூட்டத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிரேன் வரும்" என்று செயலாளர் போட்டபோதும் அப்படித்தான். அது என் வண்டியைத்தான் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் கட்டைவிரல் படத்தைப் போட்டேன்.

என் வண்டி ஒரு வெள்ளை அம்பாசடர். முப்பது வயதைத் தாண்டியது. இரண்டு வருடத்துக்கு முன் நூம்பலில் ஒருவரிடம் வாங்கினேன். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவனுக்கு இது தேவையா என்றால், தேவையில்லை. ஆனால் அந்த நீளமான முன் சீட்டில் மனைவியோடு உட்கார்ந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று தெரியாது. ஆறு மாதமாக உட்கார மட்டும்தான் முடிந்தது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றினாலும் டயர் அசையாது, அவ்வளவு தேய்மானம். ஸ்டியரிங்கிலிருந்து, கீழே டயர்களைத் திருப்புகிற பல்பெட்டி வரை போகிற நீளத் தண்டை முழுசாக மாற்ற வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

என் மனைவியின் தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வண்டி வேலையும் தெரிந்தவர். சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார்.

"இன்னா மாமா, கட்டைவெரல போட்டுட்டு கம்முனு குந்திகினு கீறே? கெளம்பு, புதுப்பேட்டைக்குப் போலாம்."

புதுப்பேட்டையில் நாலாவது கடையில் கிடைத்தது. வேறொரு அம்பாசடரிலிருந்து கழற்றிய தண்டு, பல்பெட்டி, ஸ்டியரிங் சக்கரம் எல்லாம் ஒன்றாக. பல்லில் தேய்மானம் இல்லை. கோணியில் சுற்றி ஆவடி ரயிலில் ஏற்றினோம். சக்கரம் மட்டும் கோணிக்கு மேலே எட்டிப் பார்த்தது. எதிர் சீட்டில் இருந்த அம்மா கேட்டார்: "இன்னாப்பா, ஸ்டியரிங் மட்டும் வந்துகினு கீது? வண்டி பின்னாடி வருதா?"

"வண்டி ஊட்ல கீதுக்கா. இத்த இட்டுகினு போய் காட்டணும்," என்றார் மச்சான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க.

அந்தச் சக்கரத்தில் ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. யாரோ ஆயுத பூஜைக்கு வைத்தது, காய்ந்து கறுத்திருந்தது. துடைக்க மனசு வரவில்லை.

பழையதைக் கழற்றவே மூன்று மணி நேரம் பிடித்தது. புதியதை இறக்கி, ஹாரன் வயரைத் தண்டுக்குள் விட்டு, போல்ட்டெல்லாம் முடுக்கினோம். டயர்களை நேராக நிறுத்தியாயிற்று. இனி பல்பெட்டியை டயர்களோடு இணைக்க வேண்டும். ஆனால் ஸ்டியரிங் எந்த நிலையில் இருந்தால் அது 'நேர்'?

"பொட்டு கீதே மாமா! பொட்ட எவனாவது கோணலா வெப்பானா? பொட்டு மேல வந்தா நேரு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பட்டறையில் மயிரிழை தப்பினாலும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்கிறவன் நான். அன்று, முன்பின் தெரியாத ஒருவர் வைத்த பொட்டை நம்பினேன். பொட்டை மேலே கொண்டுவந்து இணைத்தோம். இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தோம். இரண்டு டயரும் அழகாகத் திரும்பின. அந்தச் சந்தோஷத்தில் வலப்பக்கம் பார்க்க மறந்தோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மனைவி சூடம் காட்டி, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். செயலாளர் காபி டம்ளரோடு வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஏனுங்ணா, நெசமா ஓடுமுங்களா?"

"ஓடும்."

"கேட்டைத் தாண்டிப் போயிட்டு, யாரும் தள்ளாம அதுவா உள்ள வந்துட்டாப் போதுமுங்க. கிரேன்காரனை வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

மனைவி பின்னால் ஏற, மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழங்கள் நசுங்க, வண்டி கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. வெண்ணெய் மாதிரி இருந்தது ஸ்டியரிங். தெருவில் ஒரு மாடு படுத்திருந்தது. அதைச் சுற்றிப் போக வலப்பக்கம் ஒடித்தேன். அரைச் சுற்று போனதும் டக்கென்று நின்றுவிட்டது. மச்சானும் கையைப் போட்டுப் பார்த்தார். அதற்குமேல் நகரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஸ்டியரிங் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பொட்டு மேலே வரும். நாங்கள் கடைசிச் சுற்றின் பொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"எவனோ வெச்ச பொட்டை நம்பி வண்டியை மாட்டினீங்களா ரெண்டு பேரும்?" என்று மனைவி கேட்டாள். மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மாடே எழுந்து வழிவிட்டது.

எங்கள் கேட் இடப்பக்கம். இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டு போனால் கேட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த திருப்பம் நன்றாகவே போனது. அதற்கடுத்த தெருவில் ஆடிக் கூழ் பந்தல், தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணாத்தே, உள்ள வராத! ரைட்ல ஒடி!" என்று அகப்பையை ஆட்டினார் கூழ் ஊற்றிய பெண்.

"ரைட்டு வராதுக்கா, ரிப்பேரு!" என்றார் மச்சான்.

"ரைட்டு வராத வண்டிய எதுக்குடா ரோட்டுக்கு இட்டாந்தீங்க?" என்று கேட்டபடியே ஆளுக்கு ஒரு டம்ளர் கூழை ஜன்னல் வழியாக நீட்டினார்.

கூழைக் குடித்துவிட்டு நேராக மெயின் ரோடு வரை போய், அங்கே இடப்பக்கம் திரும்பினேன். மணி பத்தே முக்கால். வலப்பக்கமாக வந்த ஒரு சின்ன வளைவை, கிடைத்த அரைச் சுற்றை வைத்து நடக்கிற வேகத்தில் கடந்தேன். பின்னால் ஒரு டிப்பர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வேறொரு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்று மச்சான் ஜன்னலில் கையை நீட்டி, "போ நைனா, போ, நாங்க லெப்ட் பார்ட்டி!" என்று கத்தியபோது நானும் சேர்ந்து கத்தினேன். பிறகு இடது, மறுபடி இடது, கேட்டுக்குள் கடைசி இடது.

கீழே நாற்காலிகள் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் கைதட்டினார். "பாத்தீங்கல்ல? ஓடற வண்டிதானுங்க. பிரச்சினை தீர்ந்துது."

மச்சான் என் தொடையைக் கிள்ளினார், பேசாதே என்று. என்னால் முடியவில்லை.

"வலப்பக்கம் திரும்பாதுங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அப்பறம் எப்படிங்ணா வந்தீங்க?"

"லெப்ட்லயேதான்." பொட்டுக் கதையையும் சொன்னேன். முழுக் கூட்டமும் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னோடு சிரித்தார்களா என்று நான் யோசிக்கவே இல்லை.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓடணும்னுதான் போட்டிருந்தேன், எந்தப் பக்கம்னு போடலைங்களே. கிரேன் வேண்டாமுங்க. ஆனா இதைச் சரிபண்ணாம கேட்டைத் தாண்டப்படாதுங்ணா."

மத்தியானமே சரிசெய்தோம். இணைப்பைக் கழற்றி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றினோம். சுற்றி நின்ற எட்டுப் பேரும் "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ணினார்கள். அதில் சரிபாதிக்குக் கொண்டுவந்து, டயர்களை நேராக வைத்து இணைத்தோம். டார்ச் அடித்தது செயலாளர்.

நாலரை மணிக்கு, வண்டி நிறைய ஆட்களோடு, கேட்டைத் தாண்டி வலப்பக்கம் ஒடித்தேன். பின் சீட்டில் விசில் பறந்தது. வேப்பம்பட்டு வரை போனோம். எனக்கும் மச்சானுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த செயலாளர் திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டார்: "ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"தரமாட்டேன்," என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.