திரைக்கு அந்தப் பக்கம்

நான் படிப்பிக்கும் கலைப்பீட மண்டபத்தில் இன்று நனைந்த திரைச்சீலை மணத்தபோது சட்டென்று ஒரு யோசனை வந்தது. கல்முனைக்குடிக் கடலோரத்தில், பின்னர் சுனாமி கொண்டுபோன டியூசன் கொட்டிலில், பொடியன்களையும் பெண்பிள்ளைகளையும் பிரித்த திரையிலும் இதே மணம்தான், கம்பஸ் என்ற பல்கலைக்கழகக் கனவோடு வந்த, நான் ராத்தா என்று கூப்பிடும் அக்காவின் மடியில் சின்னப்பிள்ளை நான் இருக்க, பொடியன்கள் இருந்த அந்தப் பக்கமிருந்து சேர் அவளுடைய கட்டுரையை வரிவரியாக உரக்க வாசித்து, "இவ கம்பஸ் போறாவாம்டா! இந்த எழுத்துக்குப் புட்டவிக்கவும் ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்பார், பொடியன்கள் வாங்குப் பலகையைத் தட்டிச் சிரிப்பார்கள். ஒருநாள் ராத்தா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பயத்தில் மற்றப் பெண்பிள்ளைகள் அதைச் சேரிடம் சொல்லவில்லை, அவள் போனது தெரியாமலே, "வெளங்குதா புள்ள?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார் சேர். அதோடு அவள் படிப்பு முடிந்தது. நாளை, என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியின் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவளுடைய கட்டுரையை அவளோடு மட்டும் வாசித்துப் பார்க்கப்போகிறேன்.