கை நனைக்காமல் போனவர்

எங்கள் அபார்ட்மெண்ட் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து புத்தகம் படிக்கிறோம். அடுத்ததாக ஒரு பழைய கொங்கு நாவலை எடுக்கலாமா என்று பேச்சு வந்தது. படித்துப் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சென்னையில் வளர்ந்தவள். முப்பது பக்கத்துக்குள் எரிச்சல் வந்துவிட்டது. யார் பேசுகிறார், எதற்குப் பேசுகிறார் என்றே பிடிபடவில்லை. இந்தக் காலத்தில் இதை யார் படிப்பார்கள் என்று மூடி வைத்துவிட்டேன்.

என் கணவர் கொங்கு நாட்டுக்காரர். நல்லூரில் தன் அண்ணனோடு சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறார். புத்தகத்தின் பக்கமே போகாத மனிதர். என்னைக் கேலி செய்யத்தான் அதை எடுத்து உரக்க வாசித்தார். நான் திணறிய வரியெல்லாம் அவர் வாயில் வழுக்கிக்கொண்டு போனது. கதையில் அண்ணன்காரன் தம்பி வீட்டுக்கு வருகிறான். மழையைப் பற்றி, கன்றுக்குட்டியைப் பற்றி அன்பாகப் பேசுகிறான். வட்டிலில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போகிறான்.

"போச்சு. ஒறவு அத்துப் போச்சு" என்றார் கணவர்.

"சிரிச்சுப் பேசிட்டுத்தானே போறான்?"

"கை நனைக்காமப் போறானல்ல? கெடுதல் பண்ணப் போற ஊட்டுல எங்காளுக சோறு திங்க மாட்டாங்க புள்ள."

பக்கத்தைப் புரட்டினால் அவர் சொன்னபடியே நடந்தது. அந்த வாரமே மிச்சத்தை நான் தனியாகப் படித்து முடித்தேன். நியாயம் கேட்டு அண்ணன் வாசலில் போய் நின்ற தம்பி உயிரோடு திரும்பவில்லை. ஏன் படித்தோம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய அண்ணனுக்கு எங்கள் வீட்டில்தான் கறிச்சோறு. அந்த ஞாயிறும் வந்தார். நூல் விலையைப் பற்றிப் பேசினார். ஒருநாளும் இல்லாமல் என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். நான் இலை போட்டேன்.

"இல்லீங் அம்மிணி, வயிறு ஒரு மாதிரி இருக்குது."

"தண்ணியாவது குடிங்க மாமா."

"இருக்கட்டுங்க."

டம்ளரை அவர் தொடவே இல்லை. கணவரைப் பார்த்தேன். அவர் செல்போனில் ஏதோ ஷிப்மெண்ட் மெசேஜைப் படித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் லிஃப்டில் இறங்கிய பிறகு, கதையில் வந்தவனைப் போலவே இவரும் கை நனைக்காமல் போகிறாரே என்று சொன்னேன்.

"அது கதை புள்ள. எங்கண்ணனுக்கு கேஸ் தொந்தரவு" என்று சிரித்தார். அண்ணனுக்குப் போட்ட இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, "கட்டாயம் படிக்கலாம். புரியாத இடத்தை வாய்விட்டுப் படியுங்கள்" என்று தோழிகளுக்கு டைப் செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கணவர் கம்பெனி வாசலில் நின்று பேசினார்.

"கேட்டுல பூட்ட மாத்தியிருக்குது. என்ற சாவி சேரல. அண்ணன் போன எடுக்க மாட்டேங்குறாரு."

கேட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கதையில தம்பிக்காரன் அப்பறம் என்ன பண்ணுனான்?"

"நீங்க அங்க நிக்காதீங்க" என்றேன். "மொதல்ல ஊட்டுக்கு வாங்க."