இரண்டு காலுக்கும் ஒரே புட்டி

காக்ஸ் டவுன் மௌரீன் டீச்சர் முப்பத்து நான்கு வருஷம் நின்றுகொண்டே வேதியியல் நடத்தியவர். அவர் ஓய்வு பெற்ற அன்று வகுப்பு நாற்காலி, "என்மேல ஒருநாளாவது உட்கார்ந்தீங்களா?" என்று கேட்டுக் கண்ணீர் விட்டதாம். நம்பாதவர்கள் நாற்காலியையே விசாரித்துக்கொள்ளலாம். நின்றதற்குக் கூலி, இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, வெடித்து, ஓயாத அரிப்பு.

ஒரு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் டாக்டர் நிருபமா இப்படிப்பட்ட கால்களை வைத்து ஆராய்ச்சி நடத்தினார். இடது காலுக்கு ஒரு புட்டி, வலது காலுக்கு ஒரு புட்டி. ஒன்றில் கிருமிநாசினி, மற்றதில் அதே நிறத்தில் வெறும் தண்ணீர். எது எதுவென்று டாக்டருக்கே தெரியாது. எட்டு வாரம் தடவி, தினமும் அரிப்புக்கு நோட்டில் மதிப்பெண் போட வேண்டும்.

மூன்றாவது வாரம் இடது கால் அடங்கிவிட்டது. வலது கால் மட்டும் டீச்சரை ஆட்டிவைத்தது. 'இதென்ன ஓரவஞ்சனை!' என்று அவர் இடது புட்டியிலிருந்தே இரண்டு காலுக்கும் தடவ ஆரம்பித்தார். வலது புட்டி கொஞ்சம் கொஞ்சமாக வாஷ்பேசினுக்குப் போயிற்று. நோட்டில் மட்டும், சொன்னபடியே செய்ததாக முத்துமுத்தாக எழுதினார்.

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் அய்யாவு. ஆஸ்டின் டவுன் ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நின்றே காலைக் கெடுத்துக்கொண்டவர்.

"மூணு நாள் மறந்துட்டேம்மா. காலியாவே வுட்டுட்டேன்" என்று டாக்டரிடம் நோட்டை நீட்டினார்.

"பரவாயில்ல. ஆனா டீச்சர் நோட்டைப் பாருங்க, ஒரு கட்டம்கூட காலி இல்ல!" டாக்டர் அதை அய்யாவு கையிலேயே கொடுத்தார். "டீச்சருக்கு ரெண்டு காலும் ஒரே மாதிரி ஆறியிருக்கு. அப்ப மருந்தும் தண்ணியும் ஒண்ணுதான்னு கணக்காகும்."

"டீச்சர்னா சும்மாவா? நாங்கள்லாம் தற்குறிங்கம்மா."

டீச்சருக்குக் காது மடல்வரை சுட்டது. சோதனை செய்யாமலே அளவு எழுதிவந்த பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டை வகுப்பு முன்னால் உரக்கப் படித்தவர் அவர். அப்படிப் படித்ததில் அனன்யா என்ற பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை.

"டாக்டர், அதை வாங்கிடுங்க. வலது கால் பக்கம் பூரா பொய்."

"என்ன டீச்சர்?"

"மூணாவது வாரத்துலேந்து ரெண்டுக்கும் ஒரே பாட்டில்தான் போட்டேன்."

அய்யாவு நோட்டைச் சத்தமில்லாமல் மூடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"அப்ப உங்களை ஆராய்ச்சியில சேர்க்க முடியாது. காரணத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும்."

டீச்சர் எழுதினார். 'ஏமாற்றினேன்' என்ற சொல்லில் பேனா நின்றது. தவிர்க்க வேறு சொல் தேடினார். அகப்படவில்லை.

"எனக்கும் அப்பிடிப் பண்ணலாம்னு தோணுச்சு டீச்சர். பயந்துகினு வுட்டுட்டேன்" என்றார் அய்யாவு மெதுவாக.

"நல்லவேளை. உங்க நோட்டு செல்லும்" என்று தலை நிமிராமலே சொல்லி, டீச்சர் அந்தச் சொல்லை எழுதி முடித்தார்.