ஞாயிற்றுக்கிழமை, கல்லாவுக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது பெரிய அங்காடியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றால், பார்த்தும் பாராததுபோல் போய்விடுவதுதான் மரியாதை. அடுத்த வாரம் நாமே அங்கே நிற்போம். ஞாயிறு கடை கிடையாது என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் சில ஞாயிறுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, அது எந்த ஞாயிறு என்று போலந்தில் ஒருவருக்கும் நினைவில் நிற்பதில்லை. கதவைத் தள்ளித் தோற்றவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் லூட்சினாவின் மளிகைக் கடை.

"என்ன, அங்க கதவு தொறக்கலையா?" என்பாள் லூட்சினா.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்பார்கள், கையில் நான்கு பெரிய காலிப் பைகளோடு.

லூட்சினா கடை திறந்திருப்பதற்குக் காரணம், முதலாளி தானே நின்று விற்றால் குற்றமில்லை என்று சட்டத்தில் விட்டு வைத்திருக்கும் ஒரு சந்து. வேலையாள் மட்டும் கைவைக்கக் கூடாது. கணவர் இறந்து, மகள் அயர்லாந்தில் குடியேறிவிட்ட பிறகு, ஞாயிறுதோறும் லூட்சினா ஒற்றை ஆளாக நின்றாள். பூசை முடிந்ததும் வெள்ளம்போல் ஜனம் வரும். பெண்களுக்குக் கோழி சூப்பில் போட நூடுல்ஸ் வேண்டும், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வேண்டும். ஆண்களுக்கு பீர் வேண்டும், அதுவும் எதிரே படிக்கட்டில் நிற்கும் பாதிரியாருக்குத் தெரியாமல், செய்தித்தாளில் சுற்றி. பாதிரியார் பிறகு வருவார். அவருக்கும் செய்தித்தாளில் சுற்றித்தான் போகும்.

பக்கத்துக் கடையில் முடி வெட்டுகிறவள் நான். இரெனா என்று பெயர். எனக்கு ஞாயிறு விடுமுறை, ஆனாலும் லூட்சினா கடைக்குப் போகாமல் இருந்ததில்லை. காரணம் நூடுல்ஸ் அல்ல, ரோமுவால்ட்.

ரோமுவால்ட் லூட்சினாவின் ஒரே வேலையாள். வாரம் முழுக்க அலமாரி அடுக்குவது, பெட்டி இறக்குவது எல்லாம் அந்த மனிதர்தான். ஆகவே எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கடை முதலாளிக்கே தெரியாது. ஞாயிறு வந்தால் அவர் கழுத்துப்பட்டை கட்டி, தலையைப் படியச் சீவி, வாடிக்கையாளராக வந்து கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பார். ஒரே ஒரு டப்பா புளிப்பு கிரீம் வாங்குவார். வாங்கியபின் போக மாட்டார்.

"ஈஸ்ட் எங்கய்யா?" என்று கத்துவாள் லூட்சினா.

"எடது கைப்பக்கம், முதலாளியம்மா. கடுகுக்குப் பின்னால. அதில்ல, அது மெழுகுவர்த்தி. இன்னும் கீழ."

"இங்க எதுக்கு வச்சீங்க, ரோமுவால்ட் சார்? ஈஸ்ட் என்ன ஒளிஞ்சு விளையாடுதா?"

"திங்கக்கிழமை மாத்திடறேன், முதலாளியம்மா."

மாற்ற மாட்டார். மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை தன் வாய்க்கு வேலை இருக்காது என்று அந்த ஆளுக்குத் தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில், உள்ளே போகத் தூக்கித் திறக்கும் ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாரே தவிர, ஒருநாளும் அதைத் தூக்கியதில்லை. தூக்கினால் லூட்சினாவுக்கு அபராதம். யாராவது புதிய ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால், சோதனைக்கு வந்த அதிகாரியோ என்று அவர் கையைக்கூட எடுத்துவிடுவார்.

இப்படியே போயிருக்கும். பிப்ரவரியில் தேவாலயப் படிக்கட்டில் பனிக்கட்டி வழுக்கி லூட்சினாவின் கால் முறிந்தது. கட்டு போட்ட டாக்டர், இனிமேல் நீ நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் கதை முடிந்தது என்றார். வார நாட்களில் ரோமுவால்ட் சமாளித்தார். ஞாயிறுக்கு என்ன வழி? மற்ற ஆறு நாளும் அங்காடி அவள் வியாபாரத்தை விழுங்கிவிடும். ஞாயிறு போனால் கடையே போச்சு. ஊன்றுகோலை நட்டுவைத்து அவள் நூடுல்ஸ் எடுக்க எட்டிக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்டரோட மூடிடறேன்" என்றாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மூடுவானேன்? சட்டத்துல சொந்தக்காரங்க ஒத்தாசை பண்ணலாம்னு மாத்திட்டாங்கல்ல? புருசன் நின்னா எவன் கேப்பான்? இதோ ஒருத்தர் டை கட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறாரே!"

கடை அதிரச் சிரித்தது. ரோமுவால்டின் காது பீட்ரூட்டாகிவிட்டது. வாங்கிய கிரீமைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

"அடிப்பாவி, உன் வாயில பசையை ஊத்த" என்றாள் லூட்சினா. அவள் என்னைத் திட்டுவது புதிதல்ல. ஆனால் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு திட்டினாள்.

அந்த வாரம் முழுக்க ரோமுவால்ட் வேலைக்கு வந்தார், வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவேயில்லை. லூட்சினா நூடுல்ஸ் கேட்டவருக்கு ரவை கொடுத்தாள், பீர் கேட்டவருக்கு வினிகர் கொடுத்தாள். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வீடுவரை போய்விட்டார். நான் செய்த வேலை இது என்று நினைக்க எனக்கு அழுகையே வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து கடை நிரம்பியிருந்தபோது கதவு திறந்தது. ரோமுவால்ட். கையில் பெட்ரோல் பங்கில் வாங்கிய துலிப் பூங்கொத்து. முதல் ஆளாக நின்ற கிழவர் பூவை எண்ணினார்.

"தம்பி, ரெட்டைப் படையில இருக்கு. சவத்துக்கா கொண்டு வந்தே?"

ரோமுவால்ட் வெலவெலத்துப்போய் ஒரு பூவை உருவி என் கையில் திணித்தார். பிறகு கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"முதலாளியம்மா, இரெனா சொன்னது விளையாட்டுக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கு அது விளையாட்டு இல்ல. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

பின்வரிசையில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கடைக்காகவா கேக்கறீங்க, எனக்காகவா?" என்றாள் லூட்சினா.

"ஞாயித்துக்கிழமை தவறாம கிரீம் வாங்கறேனே, பாத்தீங்கல்ல? எனக்குப் பால் ஆகாது. ஒரு ஸ்பூன் தின்னா ராத்திரியெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். எல்லாத்தையும் என் பூனைதான் தின்னுது. அதால இப்ப சோஃபா மேல ஏற முடியல."

யாரும் சிரிக்கவில்லை. நான் மூக்கைச் சிந்தினேன்.

லூட்சினா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். "நடக்காது" என்றாள்.

ரோமுவால்ட் பூங்கொத்தை மெல்லத் தாழ்த்தினார்.

"சட்டத்தை முழுசாப் படிக்கணும், ரோமுவால்ட் சார். சொந்தக்காரங்க நிக்கலாம், சம்பளம் இல்லாம. ஆனா அதே கடையில வேலைக்கு இருக்கிறவங்க நிக்கக் கூடாது. புருசனே ஆனாலும் கூடாது. எனக்கு வேலையாளாவும் இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை புருசனாவும் இருக்க முடியாது."

"அப்ப?" என்றார் அவர்.

"அப்ப என்ன? உங்களை வேலையை விட்டு நீக்கிட்டேன். பூவைக் குடுங்க."

கூரை பெயர்ந்துவிடும்போலக் கை தட்டினார்கள். "பாவம் மனுசன், இனி சம்பளமும் கிடையாது!" என்று யாரோ கத்த, "கல்யாணம்னா அதுதானேய்யா!" என்றார் பூ எண்ணிய கிழவர். பாதிரியார் வந்து எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்பே கையில் செய்தித்தாள் பொட்டலம் வந்து சேர்ந்தது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. கூட்டம் கலைந்ததும் கல்லாவில் சாய்ந்து கேட்டேன். "ஏண்டி, இந்த வேலையாள் விவகாரமெல்லாம் உனக்கெப்படித் தெரியும்? நான் சொன்னப்பறம் படிச்சியா?"

லூட்சினா துலிப் பூக்களை ஊறுகாய் ஜாடியில் செருகிக்கொண்டிருந்தாள்.

"சட்டம் மாறுச்சே, அந்த வாரமே படிச்சேன்" என்றாள். "அவர் கேப்பாருன்னு அன்னைலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். மனுசன் கிரீமைத்தானே கேட்டுக்கிட்டிருந்தார்!"

ஈஸ்டருக்கு மறுவாரம் கல்யாணம். இப்போது ஞாயிறுதோறும் லூட்சினா கல்லாவில் நாற்காலி போட்டு, காலை முட்டைப் பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்து ஊரை அதட்டுகிறாள். ரோமுவால்ட் பலகையைத் தூக்கி உள்ளே போய், கடுகுக்குப் பின்னாலிருந்து ஈஸ்டை எடுத்துக் கொடுக்கிறார். பூனை இளைத்துவிட்டது. போன வாரம் சோஃபாவில் ஏறிவிட்டதாம்.