மாடியில் ஒரு பால் அடுப்பு

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு வூடு இருந்துச்சாம். அந்த வூட்ல எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஒருத்தன் அளவு டேப்பை எடுத்துக்கிட்டுப் போனானாம். அந்த ஒருத்தன் நான்தான். தவளக்குப்பத்தில் சின்னதாக ஒரு கடை. வீட்டுக்குள்ளே அலமாரி, சமையல் மேடை, கட்டில் எது எங்கே வர வேண்டும் என்று வரைந்து செய்து தருகிற வேலை. இந்தத் தொழிலில் பலகை சொன்ன இடத்தில் நிற்கும், மனுஷன் நிற்க மாட்டான். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோரியாங்குப்பத்தில் செய்த ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன்.

எட்டு நாற்காலி

கலியபெருமாள் கரும்பு போடுகிறவர். மனைவி இல்லை. மகன்கள் சேகர், முரளி, இரண்டு மருமகள்கள். சேகருக்கு இரண்டு பிள்ளைகள், முரளிக்கு ஒரு கைக்குழந்தை. பழைய வீட்டின் மேலேயே மாடி எடுத்திருந்தார். மற்றவர்கள் என்னிடம் கலர் கேட்பார்கள், மாடல் கேட்பார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பொழுது போனால் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆளுக்கொரு மூலைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.

ஹாலில் டிவியை எடுத்துவிட்டு, தேக்கில் பெரிய மேசை வரைந்து ஏழு நாற்காலி போட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறது என்றார். கைக்குழந்தைக்கு எதற்கு நாற்காலி என்று கேட்டேன்.

"வளந்து உக்காராமயா பூடும்? எட்டு போடு தம்பி."

பத்தொன்பது படி

முரளியின் மனைவி கவிதாவுக்கு ஆபரேஷன் பிரசவம். அறையோ மாடியில். குழந்தை அழும்போதெல்லாம் பால் காய்ச்சக் கீழே வர வேண்டும், பத்தொன்பது படி. நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் மாடி அறை மூலையில் மூன்றடி கிரானைட் மேடை, ஒரு சிங்க், கரண்ட் அடுப்புக்கு ஒரு பிளக் என்று வரைந்தேன்.

கலியபெருமாள் அந்தத் தாளில் பிளக் வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரே வீட்டில் இரண்டாவது அடுப்பு எரிந்தால் பாகம் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனால் கரண்ட் அடுப்பில் நெருப்பே இல்லையே என்று நினைத்தேன். அதையே அவரிடமும் சொன்னேன்.

"பால் மட்டும்னா பத்த வெக்கட்டும். பருப்பு வெந்துச்சின்னா உன்னத்தான் கேப்பேன்."

பருப்பு

ஆறேழு மாதம் கழித்து, அலமாரிக் கதவு தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். ஹால் மேசையில் பாதிக்கு மேல் மடித்த துணி. மாடியிலிருந்து தாளிக்கிற வாசனை. முதலில் பால், அப்புறம் குழந்தைக்குக் கஞ்சி, அப்புறம் பருப்பு. பருப்புதான் வேகிறதே என்று அதோடு முரளிக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி. யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூத்த மருமகள் செல்வி டீ கொடுத்தபடி என்னிடம் சொன்னது:

"சண்ட போட்டிருந்தா சமாதானம் பண்ணலாம். இப்ப இன்னான்னு சொல்லிப் பண்றது?"

தனிக் கார்டு

அடுத்து முரளி கூப்பிட்டான், மேலே அரிசி டின் வைக்கச் சுவரில் ஒரு பலகைத் தட்டு வேண்டுமாம். நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அதிகாரி வந்தார். முரளி தனி ரேஷன் கார்டு கேட்டிருக்கிறான். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார், கிரானைட்டைத் தடவினார், செய்தது யார் என்றார். முரளி என்னைக் காட்டினான். கலியபெருமாள் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்கிற தூரம்தான்.

"கச்சிதமா பண்ணியிருக்கப்பா. தனிக் குடும்பம்னு பாத்தாலே தெரியுது," என்றார் அதிகாரி.

மூன்று நாற்காலி

கார்டு வந்த பிறகு நானே போனேன். மேடையை என் செலவில் பெயர்த்து எடுத்துவிடுகிறேன் என்றேன். கலியபெருமாள் மேசையின் ஒரு ஓரத்தில், துணிக் குவியலைத் தள்ளிவிட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருப்பைப் பற்றி என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

"எடுத்தா அந்தப் பொண்ணு மறுபடி பத்தொம்பது படி எறங்கி பாலுக்கு வரும், சோத்துக்கு வராது. வுடு," என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேசையடியிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்து என் பக்கம் வைத்தார். முரளி மேடை மேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறானாம். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் இழுத்தார்.

"இதையும் மேல கொண்டும்போய் போட்டுடு தம்பி. புள்ள வளந்து உக்காருமில்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்ட நடந்துவிட்டார். ஒரு வீட்டை எவ்வளவு வசதியாகச் செய்து தர முடியுமோ அவ்வளவு வசதியாக நானும் செய்து கொடுத்துவிட்டேன்.